கோயில் மண்டபத்திலிருந்து கைபேசிக்கு: பர்மாவின் ஓர் இணைய வகுப்பும் உலக அரசியலும்

இந்த ஆய்வு ஒரே ஒரு வகுப்பைப் பற்றியது. யாங்கோன் நகரின் நடுவே ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடந்துகொண்டிருந்த வகுப்பு, 2020இல் கொரோனா வந்து பள்ளிகளை மூடியதும் கைபேசிக்குள் புகுந்துகொண்டது. அதில் இரண்டு பிரிவுகள். சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் வாசிப்பும். மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகிற, எழுதி முடித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும். பாடம் எடுப்பவர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. நானும் அவர்களில் ஒருவன் என்பதால், எட்ட நின்று எழுதிய ஆய்வாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர்ப் பெயர்கள் உண்மையானவை. ஆட்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியும் மறைத்தும் இருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ராணுவம் இணையத்தை அறுத்துப் போட்டதால் பர்மாவில் படிப்பு நின்றது என்றுதான் வெளியூர்க்காரர்கள் பொதுவாக நினைக்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. இணையம் அறுந்த மாதங்களில் வகுப்பு எப்படியோ பிழைத்துக்கொண்டது. அதை மெல்லக் கரைத்தவை கல்வி என்ற சொல்லே இடம்பெறாத ஆணைகள்: ஒரு வரி, நாணயத்தின் வீழ்ச்சி, ஒரு கட்டாய ராணுவச் சேவைச் சட்டம், கடைசியாக வாஷிங்டனில் கையெழுத்தான சில தாள்கள்.

பின்னணி

1962 மார்ச் 2ஆம் தேதி ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. தமிழ்ப் பள்ளிகளும் அதோடு போயின. கடைகளையும் தொழில்களையும் இழந்தவர்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். எஞ்சியவர்கள் கோயில் மண்டபத்தில் கோடை விடுமுறை வகுப்பாகத் தமிழைக் காப்பாற்றி வைத்தார்கள். எங்கள் வகுப்பும் அந்த வழியில் வந்ததுதான். 2021இல் இணையம் நின்றபோது மண்டபத்துப் பெரியவர் ஒருவர், "எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொண்டார்கள் தம்பி. உங்களுக்கு சிக்னலைத்தானே எடுத்திருக்கிறார்கள்" என்றார். எரிச்சலாக இருந்தது, ஆனால் கணக்கு சரி.

கொரோனாக் காலத்தில் ஜூம் எங்களுக்குக் கொடுத்த லாபத்தையும் சொல்லிவிட வேண்டும். அதுவரை யாங்கோன் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்த வகுப்பில் பெகு, தட்டோன், மோல்மேன் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பெகுவிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து போக முடியாத குடும்பங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்க வைத்தன. பாடத்துக்குச் சென்னைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை எடுத்துக்கொண்டோம். 2001இல், புலம்பெயர்ந்த தமிழர்களை மனத்தில் வைத்துத் தமிழக அரசு தொடங்கிய நிறுவனம் அது. அதன் பயன் எங்களுக்கு இருபது ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது.

அறுந்த மாதங்கள்

2021 பிப்ரவரி 1 திங்கட்கிழமை ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. முந்திய நாள் ஞாயிறு வகுப்பு வழக்கம்போல் நடந்திருந்தது. அந்த வாரத்துக்குள் ஃபேஸ்புக், பிறகு ட்விட்டர், இன்ஸ்டாகிராம் என்று வரிசையாக அடைத்தார்கள். அடுத்த சனி, ஞாயிறில் நாடு முழுவதும் இணையம் அணைந்தது. எங்களுக்கு முதலில் தவறியது அந்த ஞாயிறுதான். அதே மாதம் விக்கிப்பீடியாவையும் எல்லா மொழிகளிலும் அடைத்துவிட்டார்கள். பர்மிய ராணுவத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியா என்ன தீங்கு செய்ததோ தெரியவில்லை; திருக்குறள் கட்டுரையை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தோம், அதுவும் போயிற்று.

பிப்ரவரி 15 முதல் இரவு ஒரு மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரை இணையம் கிடையாது. இது சமாளிக்கக்கூடியது. காலை எட்டு மணி வகுப்பைப் பத்தரைக்குத் தள்ளினோம். மார்ச் 15இல் கைபேசி டேட்டாவை நிறுத்தினார்கள், 18இல் பொது வைஃபையை, ஏப்ரல் 2இல் கம்பியில்லாத அகலக்கற்றையை. மிஞ்சியது வீட்டுக்குள் கம்பி இழுத்த ஃபைபர் மட்டும்.

வகுப்பு அன்றோடு இரண்டாகப் பிளந்தது. நகர நடுவில் மாடி வீட்டில் இருந்தவர்களுக்கு ஃபைபர் இருந்தது. புறநகரிலும் பெகுவிலும் இருந்தவர்களிடம் கைபேசி மட்டும். இரண்டு வகைக் குடும்பங்களும் ஒரே திரையில் சம உருவத்தோடு தெரிந்ததால் இந்த வேறுபாடு அதுவரை எங்கள் கண்ணில் படவில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தது ஆசிரியர்கள் அல்ல, ஒரு பதினைந்து வயதுப் பையன். பர்மாவில் பலர் கைபேசியில் ஸாப்யா என்ற செயலி உண்டு. இரண்டு கைபேசிகள் பக்கத்தில் இருந்தால் இணையம் இல்லாமலே பாட்டும் படமும் மாற்றிக்கொள்ளலாம். ஃபைபர் வீட்டில் பாடத்தைப் பதிவுசெய்து, ஸாப்யா வழியாக ஒரு மெமரி கார்டில் ஏற்றி, பெகுவுக்குச் சரக்கு கொண்டுபோகும் கடைக்கார அண்ணனிடம் கொடுத்தோம். அவர் அதைப் புளிப் பொட்டலத்துக்குள் வைத்துக்கொண்டு போவார். பெகுவில் ஒரு வீட்டில் இறக்கி, அங்கிருந்து பிள்ளைகள் தங்கள் கைபேசிக்கு மாற்றிக்கொள்வார்கள். திரும்பும் வண்டியில் வீட்டுப்பாட நோட்டுகள் வரும். சிவப்பு மையில் திருத்தி அடுத்த வண்டியில் அனுப்புவோம்.

இந்த மாதங்களில்தான் பெகுப் பிள்ளைகளின் கையெழுத்து திருந்தியது. ஜூமில் வாயால் பதில் சொல்லித் தப்பித்த பிள்ளைகள் நோட்டில் எழுத வேண்டியதாயிற்று. ழகரமும் ளகரமும் குழம்பும் பழைய நோய் பாதிக்குப் பாதி குறைந்தது. நல்லது நடந்ததற்காக அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எனக்கில்லை. இருந்தாலும் ஆய்வில் எழுதித்தான் ஆக வேண்டும்.

விலை

ஏப்ரல் கடைசியில் இரவுத் தடை நின்றது. ஆண்டு நடுவில் கைபேசி இணையம் சிறுகச் சிறுகத் திரும்பியது. வகுப்பு மறுபடி கூடியது. ஆனால் 2021 டிசம்பரில் டேட்டா விலை ஏறத்தாழ இரு மடங்காகியது. 2022 ஜனவரியில் புதிய சிம் ஒவ்வொன்றுக்கும் 20,000 கியாட் (பர்மிய நாணயம்) வரி. இணையச் சேவை மீதான வரியும் 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு. தடை என்றால் உலகச் செய்தியாகும். வரி நிதித் துறை அறிவிப்பாக வந்துவிட்டுப் போகிறது.

பலரோடு கூடும் ஜூம் வகுப்பு வீடியோவோடு ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு ஜிபியை நெருங்கும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மாதம் எட்டு மணி நேரம். முதலில் பிள்ளைகள் கேமராவை அணைத்தார்கள். கவனக்குறைவு என்று ஓர் ஆசிரியர் கோபித்துக்கொண்டார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார்கள். பிறகு அக்கா மட்டும் வந்து தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தாள். யாரும் "காசில்லை" என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. சார், சிக்னல் சரியில்லை என்றார்கள்.

சிம் என்பதே எங்கள் மக்களில் சிலருக்குத் தனிச் சிக்கல். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமக்களுக்கு நீலம், பதிவு பெற்ற குடிமக்களுக்குப் பச்சை. மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்தும் எந்த அட்டையும் கைக்கு வராத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சிம்மை அடையாள அட்டையோடு பதிய வேண்டும் என்றால் மாமா பெயரிலோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரிலோதான் வாங்க வேண்டும். அந்த மாமா தாய்லாந்துக்குப் போய்விட்டால் பிள்ளையின் வகுப்பும் அதோடு போகிறது.

மின்சாரம் அடுத்தது. உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியதும் கியாட் விழுந்ததும் சேர்ந்து, இறக்குமதி எரிவாயுவில் ஓடிய மின் நிலையங்களை 2021இலேயே நிறுத்தின. மறு ஆண்டு உக்ரைன் போர் எண்ணெய் விலையை மேலும் ஏற்றியது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிப் படிப்பது பணக்காரர் வேலையாயிற்று. 2021 ஜனவரியில் ஒரு டாலர் 1,330 கியாட் அளவில் இருந்தது. 2024 ஆகஸ்டில் வெளிச்சந்தையில் 6,000ஐத் தாண்டியது. 2022 அக்டோபரில், கறுப்புப் பணப் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழு பர்மாவைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததும் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் இன்னும் இறுகியது. ஜூம் கட்டணத்தைச் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு முன்னாள் மாணவி தன் அட்டையில் கட்டத் தொடங்கினாள். இன்றும் அவள்தான் கட்டுகிறாள்.

பதிவேடு

ராணுவ ஆட்சியை ஏற்காமல் வேலையைப் புறக்கணித்த பள்ளி ஆசிரியர்களில் 2021 மே மாதத்துக்குள் 1,25,000க்கும் மேற்பட்டோர் இடைநீக்கம் செய்யப்பட்டதாக ஆசிரியர் சங்கத்தினர் கூறினர். 2020இல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் மெட்ரிக் தேர்வுக்குப் பதிந்த நாட்டில், 2022இல் பதிந்தவர்கள் மூன்று லட்சம் அளவு. மீதிப் பிள்ளைகளில் பலருக்கு இணையப் பள்ளிகளே பள்ளியாயின. ராணுவத்துக்கு எதிரான மாற்று அரசான தேசிய ஒற்றுமை அரசின் ஆதரவோடு சில. தாமாகத் தோன்றியவை சில. 2022 ஜூலையில் 'காங் ஃபார் யூ' என்ற இணையப் பள்ளியின் நிறுவனரும் அங்கே பாடம் எடுத்த ஆசிரியர்களும் கைதானார்கள். ஆசிரியர் பட்டியல் வெளியே கசிந்ததே காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் வகுப்புக்கும் எந்த அரசுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தோம். ஆனால் கைபேசியைப் பிடுங்கிப் பார்க்கும் சிப்பாய்க்கு ஆத்திசூடி தெரியாது. 'இணைய வகுப்பு' என்பதுதான் கண்ணில் படும். அந்த வாரமே பெயர்ப் பதிவேட்டை அழித்தோம். மூன்று ஆண்டு மதிப்பெண், வருகை, பெற்றோர் எண், யாருக்கு எந்த எழுத்து தடுமாறும் என்ற குறிப்பு எல்லாம் போயின. வைபர் என்ற செய்திச் செயலியில் இருந்த எங்கள் குழுவின் பெயரை 'வளைகாப்பு ஏற்பாடு' என்று மாற்றினோம். ஒரு மாணவியின் பாட்டி குழுவைப் பார்த்துவிட்டு யாருக்கு விசேஷம், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு வந்தார். பல வாரங்களுக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அன்றுதான்.

பதிவேடு இல்லாத வகுப்பில் கற்பிப்பது எவ்வளவு சிரமம் என்பதைப் பாடம் எடுத்தவர்களே அறிவார்கள். புதிய ஆசிரியர் வந்தால் ஒவ்வொரு பிள்ளையையும் அடியிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். யார் நின்றுபோனார்கள் என்பதே ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். இந்த ஆய்வில் நான் எண்ணிக்கை அட்டவணை எதுவும் தராததற்கும் இதுதான் காரணம்.

பதினெட்டு வயது

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. 2010இல் இயற்றித் தூங்கவைத்திருந்த மக்கள் ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வயது, பெண்களில் 18 முதல் 27. இரண்டு ஆண்டு வரை சேவை. ஆண்டுக்கு 60,000 பேர், ஒரு தடவைக்கு 5,000 பேர் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள்.

மறுநாள் ஞாயிறு வகுப்பில் எல்லோரும் வந்திருந்தார்கள். அதுவரை இல்லாத வருகை. இருபடிச் சமன்பாடு எடுக்க வேண்டிய நாள். முதல் கேள்வியை ஒரு தாயார், மகனின் கைபேசியில் முகம் காட்டிக் கேட்டார்: "சார், உங்கள் வகுப்பில் படிக்கிறான் என்று ஒரு கடிதம் கொடுத்தால் ஒத்திவைப்பார்களா?" சட்டத்தில் மாணவர்களுக்கு ஒத்திவைப்பு உண்டு. ஆனால் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் மாணவராக இருக்க வேண்டும். எங்களுக்குப் பெயர்ப்பலகையே இல்லை. இருந்த பெயரும் வளைகாப்பு. கொடுத்தால் அவனுக்கே ஆபத்து என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கைபேசியை மகனிடம் திருப்பிக் கொடுத்தார். சமன்பாட்டை எடுத்தோமா என்பது நினைவில்லை.

அடுத்த வாரங்களில் யாங்கோனில் தாய்லாந்துத் தூதரகத்தின் முன் வரிசை நீண்டது. நாளுக்கு 400 டோக்கன் என்று வரம்பு வைத்தார்கள். மண்டலேயில் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன் நெரிசலில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். எங்கள் மூத்த பிரிவில் நடந்தது யாரும் எதிர்பாராதது: வகுப்பு பெருத்தது. ஜிஇடி என்பது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்கு ஈடாகக் கொள்ளப்படும் நான்கு பாடத் தேர்வு. அதை முடித்தால் தாய்லாந்திலோ வேறெங்கோ கல்லூரியில் இடம், இடம் கிடைத்தால் விசா. ஆங்கிலமும் கணக்கும் அதுவரை படிப்பாக இருந்தன. அந்த மாதத்திலிருந்து வெளியேறும் வழியாயின. பத்து ஆண்டு பாடம் எடுத்தும் அப்படி ஒரு கவனத்தை நான் பார்த்ததில்லை. பின்ன எண்களில் தடுமாறிய பையன்கள் இரவு பதினொரு மணிக்கு, கரண்ட் வந்த நேரத்தில், கணக்கைப் படம் பிடித்து அனுப்பினார்கள்.

பிறகு வற்றியது. முடித்தவர்கள் பாங்காக்குக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். முடிக்கும்வரை காத்திருக்க முடியாதவர்கள் காடு வழியாகப் போனார்கள். அரசுப் பல்கலைக்கழகம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று 2021இல் சபதம் எடுத்த இருவர், ஒத்திவைப்புக்காக அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை யாருக்கும் இல்லை. 2024 மே முதல் ஆண்கள் வேலைக்காக வெளிநாடு போவதற்கு அனுமதி நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் மூத்த பிரிவு கிட்டத்தட்ட பெண் பிள்ளைகள் வகுப்பாகியிருந்தது.

தாய்லாந்தில் சலவைக்கடையிலும் சமையற்கட்டிலும் வேலைக்கு இருக்கும் பையன்கள் சிலர் இன்னும் ஞாயிறு இரவு உள்ளே வருகிறார்கள். கேமராவை அணைத்துவிட்டு, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்தவை

2024 மே கடைசியில் விபிஎன்களை, அதாவது அடைத்த தளங்களுக்குச் சுற்றுவழியில் போக உதவும் செயலிகளை, அடைத்தார்கள். தெருவில் நிறுத்திக் கைபேசியில் விபிஎன் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் பிடுங்குவது அதைத் தொடர்ந்து வந்தது. 2025 ஜனவரி 1ஆம் தேதி இயற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி விபிஎன் சேவை நடத்துவதைக் குற்றமாக்கியது.

2025 பிப்ரவரி 5இல் அடி தாய்லாந்திலிருந்து வந்தது. சீன நடிகர் ஒருவர், தாய்லாந்து எல்லையில் உள்ள பர்மிய ஊரான மியாவாடிப் பக்கத்து இணைய மோசடி முகாமுக்குக் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட விவகாரத்துக்குப் பின் சீனாவின் நெருக்கடி கூடியது. எல்லையோர ஐந்து இடங்களுக்குத் தாய்லாந்து மின்சாரத்தையும் இணையத்தையும் எரிபொருளையும் நிறுத்தியது. மியாவாடியில் அப்பாவின் துணிக்கடைக்கு மேல் வீட்டில் இருந்து படித்த எங்கள் மாணவி ஒருத்தி அன்றோடு காணாமல் போனாள். மோசடிக்காரர்களிடம் ஜெனரேட்டர் இருந்தது, துணிக்கடையில் இல்லை.

அமெரிக்காவிலிருந்து மூன்று. அயலுதவி நிறுத்தத்தோடு 2025 ஜனவரியில் பர்மிய மாணவர்களுக்கான 45 மில்லியன் டாலர் உதவித்தொகைத் திட்டம் ரத்தானது. அண்டை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். மார்ச்சில் அமெரிக்க அரசின் ஒலிபரப்பான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் குரல் அடைந்தது. நிதானமான வேகத்தில் வாசிக்கும் அவர்களுடைய ஆங்கிலப் பயிற்சிச் செய்திதான் எங்கள் கேட்கும் பயிற்சிக்குப் பாடநூல். ஜூன் 9 முதல் பர்மா உட்பட 12 நாட்டினருக்கு நுழைவுத் தடை, மாணவர் விசாவும் சேர்த்து. அமெரிக்கத் தேர்வுக்கு டாலரில் கட்டணம் கட்டி எழுதலாம். அதில் தேறி அமெரிக்கா போக முடியாது.

ஜனநாயக நாட்டில் இப்படி நடக்காது என்று எங்களிடம் ஆறுதல் சொல்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1960களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் குடியேறிய ஊர் மணிப்பூரின் மோரே. 2023 மே மாதக் கலவரத்தோடு மணிப்பூரில் இணையத்தை நிறுத்தினார்கள். கைபேசி இணையம் பல மாதங்களுக்கு வரவில்லை. எல்லைக்கு இரு பக்கமும் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வகுப்பில்லாமல் இருந்த காலம் அது.

இப்போது

வகுப்பு நடக்கிறது. வீடியோ கிடையாது. பாடம் பத்து நிமிடக் குரல் பதிவாகப் போகிறது. ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும், கரண்ட் வரும்போது இறக்கிக்கொள்ளலாம். கூடவே நோட்டின் ஒரு பக்கப் படம். ஞாயிறு இரவு அரை மணி நேரம் மட்டும் குரல் வழிக் கூட்டம், சந்தேகம் கேட்க. பதிவேடு இன்னும் இல்லை. ஒவ்வொரு ஆசிரியரும் ஐந்தாறு பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பெகுவுக்குப் போகும் மெமரி கார்டு ஏற்பாட்டை நிறுத்தவில்லை. இணையம் இருக்கிற வாரத்திலும் மாதம் ஒரு முறை அனுப்பிக்கொண்டிருக்கிறோம், வழி தூர்ந்துவிடாமல் இருக்க.

தமிழகத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அன்பர்கள் உதவ முன்வருகிறார்கள். பெரும்பாலும் வருவது ஜூம் அழைப்பு. அதில் ஐம்பது பேர் கேமராவை இயக்க வேண்டும், முடிவில் குழுப்படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். தயவுசெய்து படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைச் சான்றிதழுக்காகக் கூடக் கேட்காதீர்கள். தெளிவான குரலில், பின்னணி இசை இல்லாமல், சின்னக் கோப்பாகப் பாடம் பதிந்து அனுப்புங்கள். ஆங்கிலம் நிதானமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் வாரம் ஒரு செய்தி வாசித்து அனுப்பினால், 2025 மார்ச்சிலிருந்து காலியாகக் கிடக்கும் அந்த இடத்துக்கு இன்றே பயன்படும்.